ரெடி சொல்லாமல் வந்த குண்டு

ஏணியின் கடைசிப் படியிலிருந்து இறங்கியவளின் கால் எதன் மேலோ பட்டது.

கேபிள் இல்லை.

மெத்தென்று இருந்தது!

தலையில் மாட்டியிருந்த விளக்கோடு குனிந்து பார்த்தாள்.

ஒரு கை...

கையைத் தொடர்ந்து ஒரு ஆரஞ்சுச் சட்டை... சட்டைக்கு மேலே, பின்மண்டை பிளந்து குப்புறக் கிடந்தார் ஆலையின் பாதுகாப்பு அதிகாரி!

"ஐயோ! சார், மேல ஏறுங்க! இறங்காதீங்க!"

ஏணியின் பாதியில் தொங்கிக்கொண்டிருந்தார் சைட் இன்ஜினீயர். எந்நேரமும் கட்டம் போட்ட சட்டை. அதனால் ஆலை முழுக்க அவருக்குக் 'கட்டம்' என்றே பெயர்.

"என்னம்மா? பாம்பா?"

"பாம்புன்னா கூப்பிட்டிருக்க மாட்டேன் சார். அடிச்சிருப்பேன்!"

கட்டம் குதித்து இறங்கினார். பார்த்தார். அவர் முகம் வெளிறிப் போயிற்று.

"இவரு... காலைல என்கூட பேசினாரே..."

அந்த நொடியில்...

டமார்!

தலைக்கு மேலே இரும்பு மூடி விழுந்தது. வெளியே தாழ்ப்பாள் இழுபடும் சத்தம். கிரீச்... டக்!

"டேய்! யார்ரா அது? உள்ள ஆள் இருக்கோம்!" கட்டம் ஏணியில் பாய்ந்து ஏறி மூடியைத் தோளால் முட்டினார்.

மூடி அசையவில்லை. தோள்தான் அசைந்தது.

அவள் இடுப்பிலிருந்த மீட்டரைப் பார்த்தாள். காற்றில் பிராணவாயு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் சின்னப் பெட்டி. குழிக்குள் இறங்குகிறவர்கள் அது இல்லாமல் இறங்கக் கூடாது.

நேரம் 11.05. அளவு 20.9. சரியாகத்தான் இருந்தது.

ஆனால் ஏதோ ஒரு சத்தம்...

உஸ்ஸ்ஸ்ஸ்...

கட்டம் ஏணியிலேயே உறைந்து போனார்.

"என்னம்மா அது?"

சுவரோரம் போன இரும்புக் குழாயில் விளக்கை அடித்தாள். பக்கத்து டேங்குக்கு நைட்ரஜன் கொண்டுபோகும் குழாய். அடியில் இருக்க வேண்டிய மூடித் திருகு கழற்றப்பட்டிருந்தது. இத்தனை நேரம் அந்த ஓட்டை சும்மா இருந்தது. இப்போது வெளியே யாரோ வால்வைத் திறந்துவிட்டார்கள்!

"நைட்ரஜன் சார். வாசம் கிடையாது, எரிச்சல் கிடையாது. தூங்கற மாதிரியே போயிடுவோம்."

"எவ்வளவு சந்தோஷமா சொல்றே!"

மீட்டர் 20.4 காட்டியது.

ஆறடி அகலம், ஒன்பதடி நீளம். நாலாவது கேபிள் குழி. கான்கிரீட் சுவர், கான்கிரீட் தரை. போன் வேலை செய்யாது. வாக்கி டாக்கி குழியைத் தாண்டாது.

இரண்டு உயிர். ஒரு பிணம்.

அவள் மெதுவாகச் சுவரோடு ஒட்டி நின்றாள். கையில் கத்தரிக்கோல்.

"சார்... காலைல இவரோட நீங்கதானே சண்டை போட்டீங்க?"

"என்ன?"

"கேட் பக்கத்துல நின்னு கத்தினீங்க. நான் பார்த்தேன். நான் வேனுக்குப் போறேன்னப்பவும் 'வேண்டாம், நேரா குழிக்குப் போலாம்'னு இழுத்துட்டு வந்தது நீங்கதான்!"

"அடிப்பாவி! கொன்னவன் நான்னா, நான் ஏம்மா உள்ள மாட்டிக்கிட்டு நிக்கறேன்? எனக்கென்ன இந்தக் குழி மாமியார் வீடா?"

"கூட்டாளி வெளிய இருக்கலாம்."

"அப்ப அவனுக்கு என்னையும் பிடிக்கலைன்னு அர்த்தம்!"

அது நியாயமாகத்தான் பட்டது. அவள் கத்தரியைக் கொஞ்சம் இறக்கினாள்.

"பின்ன எதுக்குச் சண்டை?"

"சண்டை இல்லம்மா. வேலை முடிஞ்சதுன்னு கையெழுத்துக் கேட்டேன். 'நாலாவது குழியில ஒண்ணு பார்க்கணும், பார்த்துட்டுத்தான் போடுவேன்'னாரு. அதான் என்னன்னு பார்க்க உன்னையும் கூட்டிக்கிட்டு வந்தேன்."

"பார்த்துட்டீங்களா?"

"பார்த்துட்டேன்!"

பீப்... பீப்... மீட்டர் கத்த ஆரம்பித்தது. 19.5.

"சார், சட்டையைக் கழட்டுங்க."

"எதுக்கு?"

"அந்த ஓட்டையை அடைக்கணும். சீக்கிரம்!"

கட்டம் சட்டையைக் கழற்றினார். உள்ளே பனியன். பனியனிலும் கட்டம்! இருவருமாகச் சட்டையைச் சுருட்டி ஓட்டையில் திணித்தார்கள். காற்று அதைத் துப்பியது. மறுபடி திணித்து, கேபிள் கட்டும் பட்டையால் இறுக்கினாள். உஸ்... என்ற சத்தம் பாதியாகக் குறைந்தது. நிற்கவில்லை.

"பத்து நிமிஷம் இருபதாச்சு. அவ்வளவுதான் சார்."

"உன் கொழுந்தன் மேலதானே இருக்கான்? அவனுக்குத் தெரியாதா நாம இங்க இருக்கறது?"

அவள் உதட்டைக் கடித்தாள்.

கொழுந்தன் முந்நூறு மீட்டர் தள்ளி, கேட்டுக்குப் பக்கத்தில் கம்ப்ரசரோடு இருக்கிறான். அவன் பேர் சைட்டில் 'ஊதல்'. அவள் பேர் 'கண்ணாடி'. அண்ணியும் கொழுந்தனும் சேர்ந்து செய்கிற தொழில் அப்படி.

மண்ணுக்கடியில் முதலில் வெறும் குழாய்களைத்தான் போடுவார்கள். ஒரு கட்டுக்கு ஏழு. ஒவ்வொன்றும் சுண்டுவிரலைவிட ஒல்லி, ஆளுக்கொரு நிறம். எந்த இடத்துக்குத் தொடர்பு வேண்டுமோ, அப்போது அந்தக் குழாயில் ஊதல் காற்றடிப்பான். முடி போன்ற கண்ணாடி நூல் அந்தக் காற்றிலேயே மிதந்து, மறுமுனைக்குப் பறந்து வந்து சேரும். வந்ததை ஒட்டுவது அவள் வேலை. மறுபடி தோண்ட வேண்டாம், ஆலையை நிறுத்த வேண்டாம்.

நூலுக்கு முன்னால், குழாயில் அடைப்பில்லை என்று பார்க்க, மிளகு அளவு எஃகுக் குண்டு ஒன்றை ஊதி அனுப்புவார்கள். இன்றைய வேலை அதுதான். சிவப்புக் குழாய். கேட்டிலிருந்து இந்தக் குழிக்கு.

"பதினோரு மணிக்கு வாக்கி டாக்கில கேட்டான் சார். 'அண்ணி ரெடியா?'ன்னு. 'கனெக்டர் எடுக்க வேனுக்குப் போறேன்டா, பத்து நிமிஷம்'னேன். அப்புறம் பார்த்தா கனெக்டர் என் பாக்கெட்டுலயே இருக்கு. நீங்க வேற இழுத்தீங்க. அவன்கிட்ட மாத்திச் சொல்லவே இல்ல."

"ஆக, நீ இங்க இருக்கறது எனக்கு மட்டும்தான் தெரியும்."

"ஆமா."

"எனக்கும் இவருக்கும்." கட்டம் பிணத்தைக் காட்டினார்.

18.6...

டிங்!

ஏதோ ஒன்று அவள் காதோரம் சீறிக்கொண்டு போய் எதிர்ச் சுவரில் மோதித் தெறித்தது!

"சுடறான்! உள்ளயே சுடறான்!" கட்டம் பிணத்துக்குப் பின்னால் பதுங்கினார்.

அவள் தரையைத் தடவினாள். எடுத்தாள். விளக்கில் பிடித்தாள்.

மிளகு அளவு எஃகுக் குண்டு!

சுவரில் வாய் திறந்து நின்ற சிவப்புக் குழாயிலிருந்து காற்று சிணுங்கிக்கொண்டு வந்தது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"என் கொழுந்தன் சார்! மெஷினைப் போட்டுட்டான்! ஆனா... நான் இன்னும் ரெடி சொல்லலையே..."

"சொல்லலைன்னா என்ன?"

"சொல்லாம ஊதக் கூடாது சார். எட்டு வருஷம் முன்னாடி ஒரு தடவை ஊதிட்டான். அப்ப இந்த முனையில இருந்தது அவன் அண்ணன். என் வீட்டுக்காரர். குண்டு நேரா கண்ணுல. ஒரு கண்ணு போச்சு. அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல என் காலைப் பிடிச்சு அழுதான். 'ரெடின்னு காதுல கேக்காம இனிமே சுவிட்சைத் தொட மாட்டேன் அண்ணி'ன்னான். இன்னைக்கு வரைக்கும் தொட்டதில்ல."

"இன்னைக்குத் தொட்டுட்டான். விடும்மா, நமக்கு நல்லதுதானே! காத்து வருது!" கட்டம் குழாய் வாயில் மூக்கை வைத்தார்.

"ஒரு மூக்குக்குக்கூடப் பத்தாது சார், தள்ளுங்க. இதுல பேசணும்."

"குழாயிலயா?"

"காது கேக்காத இடத்துல நாங்க இப்படித்தான் பேசுவோம். இங்க கட்டைவிரலால அடைச்சா, அங்க மெஷின்ல முள்ளு ஏறும். ஒரு தடவை அடைச்சா ரெடி. ரெண்டு தடவைன்னா நிறுத்து. மூணு தடவைன்னா..."

"மூணுன்னா?"

"ஆபத்து. ஓடி வா."

கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். மனதுக்குள் இருபது எண்ணினாள். விட்டாள். மறுபடி இருபது. விட்டாள். மறுபடி இருபது.

விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள்.

காற்று வந்துகொண்டே இருந்தது...

சட்டென்று நின்றது!

"பார்த்துட்டான்!" அவள் கைதட்டினாள். "மெஷினை நிறுத்திட்டு ஓடி வர்றான் சார்! முந்நூறு மீட்டர். ரெண்டு நிமிஷம்!"

இருவரும் ஏணியடியில் நின்று மேலே பார்த்தார்கள், பேருந்துக்கு நிற்கிறவர்களைப் போல.

11.14.

11.16.

11.18.

மேலே காலடிச் சத்தம் இல்லை. மூடி அசையவில்லை.

மீட்டர் 17.1.

"உன் கொழுந்தன் ஓடி வர்றானா, உருண்டு வர்றானா?" கட்டத்தின் குரல் குழறியது. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

அவள் உள்ளங்கையிலிருந்த குண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரெடி சொல்லாமல் வந்த குண்டு...

குண்டை உள்ளங்கைக்குள் இறுக்கினாள்.

"என்னம்மா? பேயைப் பார்த்த மாதிரி நிக்கறே?"

"ஒண்ணுமில்ல சார். யாரும் வரமாட்டாங்க. நாமதான் ஏதாவது பண்ணணும்."

"என்ன பண்றது? இந்த ஏழு குழாயில புகுந்து போகவா?"

ஏழு குழாய்!

அவள் சுவர்ப்பக்கம் திரும்பினாள். நீலக் குழாயைப் பிடித்தாள்.

"சார், விஷவாயு அலாரத்தோட நூல் இந்த நீலத்துலதானே போகுது? இதை அறுத்தா?"

"அறுத்தா ஒண்ணும் ஆகாது. அதுக்குத்தானே ரெண்டு வழி போட்டிருக்கோம்! ஒண்ணு இந்தப் பக்கம், இன்னொண்ணு கிழக்கு வேலி ஓரமா தனியா. ஒண்ணு அறுந்தா மத்தது பேசும். கண்ட்ரோல் ரூம்ல ஒரு மஞ்ச விளக்கு எரியும். சாப்பாட்டுக்கு அப்புறம் நிதானமா யாராவது வந்து பார்ப்பாங்க."

"சாப்பாட்டுக்கு அப்புறம் நமக்குப் பால்தான் சார்."

"ரெண்டும் ஒண்ணா அறுந்தா மட்டும்தான் ஆலை முழுக்கச் சங்கு ஊதற மாதிரி, போன மாச விபத்துக்கப்புறம் வச்சிருக்காங்க. தீயணைப்பு ஆளுங்க ஓடி வருவாங்க. எத்தனாவது மீட்டர்ல அறுந்ததுன்னு மெஷினே சொல்லிடும். ஆனா கிழக்கு வேலிக்கு எப்படிம்மா போவே?"

16.2. கண்ணுக்குள் பூச்சி பறந்தது. அவள் தடுமாறி உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்தில், விளக்கு வெளிச்சம் பிணத்தின் வலது கையில் விழுந்தது.

மூடிய விரல்களுக்கு நடுவே ஒரு துண்டு சாக்பீஸ்.

சாக்பீஸ் எதற்கு?

விளக்கைச் சுவரில் ஓட்டினாள். சிவப்பு... நீலம்... பச்சை... மஞ்சள்...

மஞ்சள் குழாயின் மேல் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி!

"சார், மஞ்சக் குழாயில என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. வெறும் குழாய். வரைபடத்துல அப்படித்தான் இருக்கு."

குழாயும் குழாயும் சேருகிற இடத்தில் கண்ணாடி போன்ற ஒரு இணைப்பு இருக்கும். அதை விரலால் துடைத்தாள். மூக்கு படும் அளவுக்குக் கிட்டே போனாள்.

உள்ளே...

மயிரிழை மாதிரி ஒன்று மினுங்கியது!

"இது வெறும் குழாய் இல்ல சார். நூல் இருக்கு. கிழக்கு வேலி பக்கம் போயிருக்க வேண்டிய நூல், இங்க, நீலத்துக்குப் பக்கத்து வீட்டுல குடியிருக்கு!"

கட்டம் வாயைப் பிளந்தார். "தோண்டவே இல்லையா? எழுநூறு மீட்டர் தனியா தோண்டினதா என்கிட்ட கையெழுத்து வாங்கினாங்களே! அப்ப போன மாசம் ஜேசிபி ஒரே வெட்டுல அலாரம் மொத்தமும் செத்துச்சே... மூணு பேர் விஷக் காத்தைக் குடிச்சு விழுந்தாங்களே..."

"ரெண்டு வழியும் ஒரே பள்ளத்துல. அதைத்தான் இவரு கண்டுபிடிச்சிருக்காரு."

"கண்டுபிடிச்சாரு. செத்தாரு. யாரும்மா செஞ்சது?"

"அப்புறம் சொல்றேன். மூச்சை மிச்சம் பண்ணுங்க."

கத்தரியை எடுத்தாள். பதினோரு வருடங்களாக ஒட்டித்தான் பழக்கம். உயிரோடிருக்கிற நூலை ஒரு நாளும் வெட்டியதில்லை.

நீலம். க்ளிக்.

ஆலை எப்போதும் போல இரைந்தது.

"சொன்னேனே, மஞ்ச விளக்குதான்..." கட்டம் சுவரில் சரிந்தார். "என் பொண்ணுகிட்ட சொல்லிடும்மா... அந்தக் கட்டம் போட்ட சட்டையெல்லாம்..."

"நீங்களே போய்ச் சொல்லுங்க!"

மஞ்சள். விரல் கேட்கவில்லை. கத்தரி வழுக்கியது. இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்து...

க்ளிக்!

ஒரு நொடி...

இரண்டு நொடி...

ஊஊஊஊஊங்...!

கான்கிரீட்டே அதிரும்படி சங்கு அலறியது!

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு தரை மேலே வந்து அவள் கன்னத்தைத் தொட்டது.

*

கண் விழித்தபோது வானம் தெரிந்தது. முகத்தில் பிராணவாயுக் குழாய். பக்கத்து ஸ்ட்ரெச்சரில் கட்டம், கட்டம் போட்ட பனியனோடு, ஆனால் மூச்சோடு.

தீயணைப்பு வண்டி. போலீஸ் ஜீப். கண்ட்ரோல் ரூம் அம்மா கையில் ஒரு தாளோடு இன்ஸ்பெக்டரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வழியும் அறுந்தது முந்நூற்றுப் பன்னிரண்டாவது மீட்டர்ல சார். ரெண்டும் ஒரே இடம். அது நடக்கவே கூடாது. அதான் நேரா நாலாவது குழிக்கு ஆளை அனுப்பினேன்."

"அண்ணி!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தான் ஊதல். முகமெல்லாம் கண்ணீர்.

"அண்ணி! உங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்வேன்! நீங்க வேன்ல இருக்கீங்கன்னுல்ல நினைச்சேன்!"

இன்ஸ்பெக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீ எங்கப்பா இருந்தே?"

"மெஷின்கிட்டதான் சார்! அசையவே இல்ல. வேணும்னா பாருங்க, எத்தனை மணிக்கு எவ்வளவு காத்துப் போச்சுன்னு மெஷின் தானா அச்சடிச்சு வச்சிருக்கு!" சட்டைப்பையிலிருந்து நீளத் தாளை உருவினான். "பதினொண்ணு எட்டு. பார்த்தீங்களா? குண்டு விட்ட நேரம்."

அவள் குழாயைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினாள்.

"குடுங்க சார், நான் படிச்சுச் சொல்றேன். அந்தக் கோடு படிக்கறதுதான் எங்க தொழில்."

தாளை விரித்தாள்.

"மூடி விழுந்தது பதினொண்ணு அஞ்சு. குழியிலிருந்து கேட்டுக்கு முந்நூறு மீட்டர். ஓடினா மூணு நிமிஷத்துக்குள்ள போயிடலாம். அதை விடுங்க. ஏன்டா... ரெடி கேக்காம ஊதினே?"

"அது... அது வந்து... மறந்துட்டேன் அண்ணி."

"எட்டு வருஷமா மறக்கல. உங்க அண்ணன் கண்ணைப் பார்க்கறப்பெல்லாம் ஞாபகம் வரும்னு நீதானே சொன்னே? பதில் சொல்ற மாதிரி குழியில யாரும் இல்லைன்னு தெரிஞ்சாத்தான் நீ கேக்காம ஊதுவே. நேரம் பதிவாகணும், அதுக்காக ஊதினே!"

"அண்ணி, என்ன பேசறீங்க? சார், மயக்கத்துல பேசறாங்க..."

"சரி, மயக்கம்னே வச்சுக்கோ. இது என்ன?"

தாளில் நேராக ஓடிய கோடு ஓரிடத்தில் ஏறி இறங்கியிருந்தது. ஒரு முறை. இரண்டு முறை. மூன்று முறை.

"மூணு மேடு. ஒவ்வொண்ணும் இருபது நொடி. இது என் கட்டைவிரல்டா! இந்த உலகத்துல இதோட அர்த்தம் தெரிஞ்சது ரெண்டே பேருக்கு. அதுக்கு அடுத்தாப்புல பாருங்க சார், மெஷின் என்ன அடிச்சிருக்குன்னு."

இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்துப் படித்தார். "பதினொண்ணு பன்னிரண்டு... கையால் நிறுத்தப்பட்டது."

ஊதல் ஓரடி பின்வாங்கினான்.

"கட்டம் மட்டும்தான் இறங்கினாருன்னு நினைச்சேன் அண்ணி..." ஊதலின் குரல் கிழிந்தது. "அந்த ஆபீசர் மஞ்சக் குழாயைக் கேட்டாரு. தோண்டாமலே காசு வாங்கினது வெளிய வந்துடும்னு கை ஓங்கிடுச்சு. காத்தில்லாம செத்த மாதிரி ஆக்கிடலாம்னு திருகைக் கழட்டிட்டு, வால்வைத் திறக்கப் போனேன். திரும்பிப் பார்த்தா, குழிக்குள்ள இறங்கற கட்டம் சட்டை... பயத்துல மூடியைப் போட்டுட்டேன். நீங்களும் உள்ள இருக்கீங்கன்னு சத்தியமா தெரியாது அண்ணி!"

"தெரியாது. மூணாவது மேடு வரைக்கும் தெரியாது." அவள் தாளை மடித்தாள். "அதுக்கப்புறம் தெரியும். தெரிஞ்சு என்ன பண்ணே? வந்துட்டிருந்த கொஞ்சூண்டு காத்தையும் நிறுத்தினே."

ஊதல் தலையைத் தொங்கப் போட்டான்.

பக்கத்து ஸ்ட்ரெச்சரிலிருந்து கட்டம் தலையைத் தூக்கினார். "தம்பி, ஒரு விஷயம். நீ ஒழுங்கா கிழக்கு வேலியில தோண்டியிருந்தா, நாங்க ரெண்டு பேரும் இந்நேரம் போயிருப்போம். நீ திருடினதாலதான் பிழைச்சோம். ரொம்ப நன்றிப்பா!"

விலங்கு பூட்டிய சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் ஊதலின் தோளைப் பிடித்து ஜீப் பக்கம் தள்ளினார்.

"ஒரு நிமிஷம் சார்!" அவள் கூப்பிட்டாள்.

"என்னம்மா?"

"ரெடியான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு அனுப்புங்க சார்... எங்க தொழில்ல அதுதான் சட்டம்!"